கத்தி வைப்பதற்கு முன்னால் யாரைப் பார்க்க வேண்டும்?

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நான்கு மாதமாக வயிறு உப்புசம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்காது, அடிக்கடி சிறுநீர் வரும், பாவாடை நாடாவை வழக்கமான இடத்தில் கட்டினால் இடுப்பில் சிவப்பாகத் தடம் விழும். கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் இரண்டு சினைப்பையிலும் கட்டி, அதற்குள் கெட்டியான பகுதிகள், வயிற்றில் நீர். பக்கத்து நர்சிங் ஹோமில், "அடுத்த வாரமே கர்ப்பப்பையோடு எடுத்துடலாம்" என்றார்கள். நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். சினைப்பையில் இருப்பது புற்றுநோயோ என்று சந்தேகம் வந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்த வாரம் ஓடி ஓடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எங்களை உட்கார வைத்து இதைச் சொல்லவில்லை.

சினைப்பை தனி அறைக்குள் பூட்டி வைத்த உறுப்பு இல்லை. குடல், கல்லீரல் எல்லாம் இருக்கும் அதே வயிற்றுக்குழிக்குள்தான் அதுவும் இருக்கிறது. புற்றுநோய் செல்கள் அதிலிருந்து உதிர்ந்தால், நாம் மூச்சு விடும்போதும் குடல் அசையும்போதும் வயிற்றுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும் நீர் அவற்றைச் சுமந்துபோய், குடலுக்கு முன்னால் திரை மாதிரி தொங்கும் கொழுப்புப் படலத்திலும், மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அடிப்பக்கத்திலும் அரிசி அரிசியாக ஒட்ட வைத்துவிடும். அதனால் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுப்பதோடு இந்த அறுவை முடிவதில்லை.

காசிமேட்டில் மீன் அறுக்கும் அக்காக்களைப் பாருங்கள். பித்தப்பையில் கத்தி பட்டால் மீன் முழுக்கக் கசந்துவிடும் என்று அதை மட்டும் விரலால் மெதுவாக நெம்பி முழுசாக எடுப்பார்கள். சினைப்பைக்குள் மட்டுமே இருக்கும் கட்டியும் அப்படித்தான். எடுக்கும்போது உடைந்தால், 1ஏ என்ற ஆரம்ப நிலையில் இருந்த நோய், அதைவிட மோசமான 1சி நிலை என்று கணக்காகிவிடும். வெளியே பரவாத கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்கத் தயங்குவதும் இதனால்தான்.

பரவிவிட்டால் கேள்வி வேறு: எவ்வளவு மிச்சம் இருக்கிறது? 1975-ல் கிரிஃபித்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், அறுவைக்குப் பின் மிஞ்சும் கட்டி எவ்வளவு சிறிதோ அவ்வளவு கூடுதலாக ஆயுள் கிடைக்கிறது என்று காட்டினார். இன்றைய இலக்கு, கண்ணுக்குத் தெரியும்படி எதுவுமே மிஞ்சக்கூடாது. தேவைப்பட்டால் குடலில் ஒரு துண்டை வெட்டி இணைக்க வேண்டும், உதரவிதானத்தின் அடிப்பக்கத் தோலை உரிக்க வேண்டும். எவ்வளவு நல்ல பிரசவ டாக்டராக இருந்தாலும் இது அவர் தினம் செய்கிற வேலை இல்லை.

இது கேன்சர் டாக்டரிடம் போக வேண்டிய கட்டியா என்று முன்கூட்டியே கணிக்க ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது. ஸ்கேனில் இரண்டு பக்கமும் கட்டி, கெட்டியான பகுதி, வயிற்றில் நீர் மாதிரி சந்தேகமான அடையாளம் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றிருந்தால் இன்னொரு 3. இரண்டையும் ரத்தத்தில் உள்ள சிஏ-125 என்ற புரதத்தின் அளவோடு பெருக்க வேண்டும். சிஏ-125 வழக்கமாக 35-க்குள் இருக்கும், பெரியம்மாவுக்கு 612. 3 × 3 × 612 = 5508. 200-ஐத் தாண்டினாலே சினைப்பை, கர்ப்பப்பை போன்ற பெண்களின் உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கான அறுவை நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் இந்த எண்ணை வைத்துக் கேன்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வயிற்றில் டிபி வந்தாலும் சிஏ-125 ஏறும், நீரும் கோக்கும்.

டாக்டர் பெயருக்குப் பின்னால் கைனகாலஜிக்கல் ஆன்காலஜியிலோ சர்ஜிக்கல் ஆன்காலஜியிலோ எம்.சிஎச். என்ற அறுவை மேற்படிப்புப் பட்டம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கூச்சப்படாமல், "வருஷத்துக்கு இந்த ஆபரேஷன் எத்தனை செய்வீங்க? மேல்வயிற்றில் இருந்தால் அதையும் நீங்களே எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், எங்களுக்குப் படம் வரைந்தே காட்டினார். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி கிட்டத்தில் இருக்கிறது, அங்கே கேட்கலாம். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஊரின் மறுகோடி, போய்வர ஒரு நாள் ஆகும்தான், ஆனாலும் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஃபிலிமோ சிடியோ கட்டாயம் வேண்டும், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.

பெரியம்மாவுக்கு உடனே அறுவை செய்யவில்லை. வயிற்று நீரைச் சோதித்துப் புற்றுநோய்தான் என்று உறுதிசெய்துகொண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுத்தான் செய்தார்கள். ஆறு மணி நேரம் ஆனது. வெளியே வந்த டாக்டர், "கண்ணுக்குத் தெரிஞ்சது எதையும் விடலை" என்றபோது பெரியம்மாவின் மகளான அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் மூன்று கீமோ இருக்கிறது.

மரபணுச் சோதனையில் பெரியம்மாவுக்கு பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. இந்த மாற்றம் உள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரலாம், கருக்குழாயையும் சினைப்பையையும் முன்னதாகவே எடுத்துவிட்டால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். அக்காவுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரியம்மாவின் தங்கையான என் அம்மாவுக்கும் அதே அளவு. வியாழக்கிழமை இரண்டு பேரையும் ரத்தம் கொடுக்க அழைத்துப் போகிறேன்.