அடைபடாத மடைகள்

பொங்கலுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் மிக்ஸி. அண்ணன் பிள்ளைகள் கையில் செல்போன், கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அத்தையிடம், "அத்தை, இந்த வருஷம் அறுப்பு எப்ப?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து டிவியில் நகைக்கடை விளம்பரம்.

"அறுப்பா... சேதாரம் கெடையாதாம்ல" என்றார் அத்தை.

பிள்ளைகள் சிரித்துவிட்டன. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தைக்கு அல்சைமர் ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி அப்போது எட்டு மாதம்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலை ஆறு மணிக்கு அத்தை கொல்லையில் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டேன். "பொன்மணில்ல போட்டிருக்கு, அது நூத்தம்பது நாளுக்கு மேல புடிக்கும்மா. தை கடைசியிலதான் மிஷின் வரும். மழையில கீழப்பங்கு சாஞ்சு போச்சு. அதை ஆள் விட்டுத்தான் அறுக்கணும்." கை கீரையிலேயே இருந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை.

அறுப்பு பற்றிய விவரம் அத்தையிடம் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. முதல் நாள் அதை எடுக்கவிடாமல் தடுத்தது எது என்பதுதான் என்னைக் குடைந்தது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க மூளைப் படம் தேவையில்லை. எங்கள் ஊருக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் கடைமடை வயல். தாத்தா முறைத் தண்ணீர் விட இரவில் கிளம்பும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். நம் வயல் மடையைத் திறப்பது இரண்டு வெட்டு வேலை. பிறகுதான் பாடே. வழியில் உள்ள ஒவ்வொரு மடையிலும் சேற்றை வெட்டிப் போட்டு, வைக்கோலைத் திணித்து, காலால் மிதித்து அடைத்துக்கொண்டே வர வேண்டும். ஒன்றை விட்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது.

மூளையும் ஒன்றைக் கவனிக்கும்போது இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்தே செய்கிறது. வேண்டியதைத் திறக்கிறது, வேண்டாததை அடைக்கிறது. முதுமையில் முதலில் தளர்வது அடைக்கும் வேலை என்று 1988ல் லின் ஹாஷர், ரோஸ் சாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் வாதிட்டார்கள். நினைவு என்பது பெட்டி மாதிரி, வயதானால் பெட்டி சுருங்கிவிடும் என்றுதான் அதுவரை பலரும் பேசிவந்தார்கள். பெட்டியின் அளவு பிரச்சினையில்லை, அதற்குள் குப்பை சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது இவர்கள் கட்சி.

1991ல் அவர்கள் குழு ஒரு சோதனை செய்தது. சாய்வெழுத்தில் ஒரு கதை, நடுநடுவே நேரெழுத்தில் வேறு சொற்கள். சாய்வெழுத்தை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும். தமிழில் செய்தால் இப்படி வரும்: 'அவள் குடத்தை வாய்க்கால் இடுப்பில் குளம் வைத்துக்கொண்டு மழை நடந்தாள்.' இளையவர்களுக்கு வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. முதியவர்கள் நிறையவே திணறினார்கள். அதிலும் இடைச்சொற்கள் கதையோடு சம்பந்தப்பட்டவையாக இருந்தால் திணறல் கூடியது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. சம்பந்தமில்லாத இரைச்சலைவிட, பாதி சம்பந்தம் உள்ள பேச்சுதான் அதிகம் உள்ளே நுழைகிறது. அறுப்பும் சேதாரமும் எங்கள் ஊரில் ஒரே மூச்சில் வரும் சொற்கள்தானே!

2005ல் ஆடம் கசாலி என்ற நரம்பியலாளரின் குழு இதை மூளை ஸ்கேனிலேயே பார்த்தது. திரையில் முகங்களும் இயற்கைக் காட்சிகளும் மாறி மாறி வரும். ஒருமுறை, காட்சிகளை நினைவில் வை, முகங்களை விட்டுவிடு. இன்னொரு முறை, முகங்களை வை, காட்சிகளை விடு. வேறொரு முறை, எதையும் நினைவில் வைக்காமல் சும்மா பார். காட்சிகளை வைத்துக்கொள்ளச் சொன்னபோது, காட்சிகளைக் கையாளும் மூளைப் பகுதி 'சும்மா' நிலையைவிட அதிகம் வேலை செய்தது. இளையவர், முதியவர் இருவருக்கும் அப்படித்தான். காட்சிகளை விடச் சொன்னபோது இளையவர்களுக்கு அதே பகுதி 'சும்மா' நிலைக்கும் கீழே இறங்கியது. முதியவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. திறப்பதில் குறை இல்லை, அடைப்பதில்தான் குறை. அடக்கும் திறன் குறையாமல் இருந்த சில முதியவர்களுக்கு நினைவும் நன்றாக இருந்தது. 2008ல் மூளை மின்னலைகளை வைத்து அதே குழு இன்னொன்றும் கண்டது. முதியவர்களின் மூளை வேண்டாததை அடக்கத்தான் செய்கிறது, ஆனால் நொடியின் சிறு பகுதி தாமதமாக. சேறு கையில் இருக்கிறது, அதற்குள் தண்ணீர் பாய்ந்துவிடுகிறது.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. வேண்டாமென்று ஒதுக்கச் சொன்ன சொற்கள் பிறகு ஒரு சொற்புதிருக்கு விடையாக வந்தபோது, முதியவர்களுக்கு அவை கைகொடுத்தன, இளையவர்களுக்கு இல்லை. ஹாஷர் குழுவே 2007ல் இதைக் காட்டியது. ஊர்க் கதை முழுக்கத் தெரிந்த கிழவிகளை நினைத்துக்கொண்டேன்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் வயதாகும்போது நடப்பது. அல்சைமரில் வேறுபாடு எங்கே? அதற்கு ஸ்ட்ரூப் சோதனை உதவும். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935ல் வெளியிட்டது. 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். படிக்கத் தெரிந்த யாருக்கும் வாயில் 'பச்சை' என்றுதான் முதலில் வரும். அதை அமுக்கிவிட்டு 'சிவப்பு' என்று சொல்ல வேண்டும். 1996ல் ஸ்பீலர், பலோட்டா, ஃபவுஸ்ட் மூவரும் இதை இளையவர், ஆரோக்கியமான முதியவர், அல்சைமர் உள்ளவர் என்று பிரித்துச் செய்து பார்த்தார்கள். ஆரோக்கியமான முதியவர்கள் அதிக நேரம் எடுத்தாலும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். அல்சைமர் உள்ளவர்கள் 'பச்சை' என்று சொல்லையே படித்துவிடுவது அதிகமாக இருந்தது. முன்னதைக் கசிவு என்றால் பின்னதை உடைப்பு என்பேன்.

எல்லா மடையும் ஒன்றாக உடைவதில்லை. எலேன் அமியேவாவும் சக ஆய்வாளர்களும் 2004ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, முயற்சி செய்து அடக்க வேண்டிய இடங்களில்தான் அல்சைமரின் பாதிப்பு கடுமையாக இருந்தது. தானாக நடக்கும் தடுப்புகள், உதாரணமாக, சற்று முன் பார்த்த இடத்துக்கே கவனம் உடனே திரும்பாமல் புது இடம் தேடுவது, ஓரளவு தப்பியிருந்தன. அத்தையின் கை பழுத்த இலையை ஒதுக்கி நல்லதை மட்டும் கிள்ளியது. அறுபது வருடப் பழக்கம் அது, முயற்சி தேவையில்லை.

உடைப்புக்குக் காரணம் ஓரிடத்தில் இல்லை. முயற்சியோடு அடக்கும் வேலையை நடத்துவதில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்குப் பெரிய பங்கு. நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸைச் சுற்றி நோய் கனக்கும்போதே, முன்மூளைக்கும் மற்ற பகுதிகளுக்கும் இடையேயான தொடர்புகள் அறுபடத் தொடங்குகின்றன. கூடவே, மூளையின் அடிப்பகுதியில் மெய்னெர்ட் உட்கரு என்ற சிறு கூட்டத்தைச் சேர்ந்த செல்கள் அழிகின்றன. மூளையின் மேலடுக்கான புறணிக்கு அசிட்டைல்கொலின் அனுப்புவது முக்கியமாக அவைதான். வேண்டிய சமிக்ஞையை இரைச்சலுக்கு மேலே தூக்கிக் காட்ட உதவும் வேதிப்பொருள் அது. டாக்டர்கள் எழுதித் தரும் டொனெபெசில் என்ற மருந்து, மிச்சமிருக்கும் அசிட்டைல்கொலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது. நோயை நிறுத்தாது, சிலருக்குச் சில காலம் கொஞ்சம் தெளிவு தரும். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின் நேர் எதிராக, அசிட்டைல்கொலினைத் தடுக்கிறது. வயதானவர்களுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மன்றாடியே கேட்கிறேன்.

காலை ஆறு மணிக்கும் இதில் பங்கு உண்டு. முதியவர்கள் பலருக்கு வேண்டாததை ஒதுக்கும் திறன் காலையில் நன்றாகவும் பொழுது சாயச் சாய மோசமாகவும் இருப்பதை ஹாஷர் குழுவின் சோதனைகளே காட்டியிருக்கின்றன. காது மந்தமாக இருந்தால் இன்னும் கஷ்டம். சொல்லைப் பிடிப்பதற்கே மூளை பாடுபட வேண்டியிருக்கும்போது, அடைப்பதற்கு ஆள் ஏது?

அண்ணியிடம் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. அத்தையிடம் பேசும்போது டிவியை அணைத்துவிடு, ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும், ஒரு கேள்விக்குப் பதில் வந்தபிறகு அடுத்தது என்றேன். "சொன்னதையே உரக்கச் சொல்லிக்கிட்டு இருந்தோம்" என்றாள் அண்ணி. உரக்கச் சொல்வதும் இன்னொரு இரைச்சல்தான். இப்போது முக்கியமான பேச்செல்லாம் காலையில் கொல்லையில் நடக்கிறது. எல்லா நாளும் அது பலிப்பதில்லை. சில காலைகளில் அத்தைக்கு நான் யார் என்றே சட்டென்று பிடிபடுவதில்லை.

தை 28ஆம் தேதி மிஷின் வந்தது. கீழப்பங்கை மட்டும் ஆள் விட்டு அறுத்தார்கள்.