ஊசி போட்டாயிற்று, மறுபடி எப்போது போய்ப் பார்ப்பது?

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரிடம் "வலிக்குதா?" என்று கேட்டால், பாதிப் பேர் "பரவாயில்ல சிஸ்டர்" என்பார்கள். அசையாமல் படுத்திருக்கும்வரை அது உண்மையாகவும் இருக்கும். "0 முதல் 10 வரை எண்ணில் சொல்லுங்க, இருமும்போது வலி எவ்வளவு? புரண்டு படுக்கும்போது?" என்று கேளுங்கள். 2 என்றவரே 7 என்பார். வலிக்குப் பயந்து இருமாமல் கிடப்பவருக்குத்தான் சளி தேங்கி நெஞ்சு கெடுகிறது.

எண்ணோடு சேர்த்து அவர் சொன்ன வார்த்தையையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றால் அந்த இடத்தில் வீக்கமோ சீழோ இருக்கிறதா என்று பாருங்கள். "எரியுது, சுரீர்னு ஷாக் அடிக்குது" என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குப் பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. டாக்டர் பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் பக்கம் போக உங்கள் அந்த ஒரு வரி போதும்.

பாராசிட்டமால்தானே என்று அலட்சியம் வேண்டாம். ரத்தக் குழாயில் ஏற்றும் 100 மில்லி பாட்டிலில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம். 50 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 40 கிலோ பாட்டிக்கு 600 மில்லிகிராம், அதாவது 60 மில்லி, 15 நிமிடத்தில். மீதி 40 மில்லியைத் தொங்கவிடும் முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று விட்டால் பக்கத்துக் கட்டிலில் யாராவது கூப்பிடுவார்கள், பாட்டில் காலியாகிவிடும். 8 கிலோக் குழந்தைக்குக் கிலோவுக்கு 7.5 வீதம் 60 மில்லிகிராம், அதாவது 6 மில்லி. அதை 60 மில்லி என்று படித்தால் பத்து மடங்கு, கல்லீரலுக்கு ஆபத்து. டிரமடால், அசெக்ளோஃபெனாக் சேர்ந்த கூட்டு வலி மாத்திரைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. நல்ல எடையுள்ள பெரியவருக்கும் நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். அதில் இதையும் கூட்டவேண்டும்.

கடும் வலிக்குப் போடும் மார்ஃபினில் தவறு ஆம்பூலிலேயே, அதாவது மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பியிலேயே தொடங்குகிறது. 10 மில்லிகிராம் ஆம்பூலும் உண்டு, 15 மில்லிகிராம் ஆம்பூலும் உண்டு. இரண்டுமே 1 மில்லி. 10 மில்லிகிராமோடு 9 மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 1 மில்லிகிராம். பழக்க தோஷத்தில் 15-க்கும் 9 மில்லி சேர்த்தால் மில்லிக்கு 1.5 ஆகிவிடும். 2 மில்லிகிராம் போடுவதாக நினைத்து 3 போட்டிருப்பீர்கள். கலந்த கையோடு சிரிஞ்சில் மருந்தின் பெயர், மில்லிக்கு எவ்வளவு, நேரம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.

ரத்தக் குழாயில் போட்ட மார்ஃபின் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். வாய்வழி கொடுத்தால் சுமார் ஒரு மணி நேரம். மறுபடி போய்ப் பார்க்கும் நேரம் அதுதான். "ஊசி போட்டதும் நல்லா தூங்குறார்" என்று உறவினர் சந்தோஷமாகச் சொன்னால் நீங்கள் சந்தோஷப்படக் கூடாது. மூச்சு குறைவதற்கு முன்னால் பெரும்பாலும் மயக்கந்தான் வரும். எழுப்புவதற்கு முன்பே, நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எழுப்பிவிட்டு எண்ணினால் கணக்கு கூடத்தான் வரும். பிறகு பேச்சுக் கொடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகினால், மூச்சு 12 இருந்தாலும் அடுத்த டோஸ் கிடையாது, டாக்டருக்குச் சொல்லவேண்டும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் விரல் மானிட்டர் ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டுவதை நம்பாதீர்கள். கரியமில வாயு ஏறுவது அதில் தெரியாது. சிறுநீரகம் பழுதானவரிடம் மார்ஃபினின் கழிவுப் பொருள்களும் தேங்கும். அவை சும்மா இருப்பவை அல்ல, மறுநாள்கூட மயக்கும்.

குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. தொடர்ந்து கொடுப்பதானால் முதல் நாளே மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூச்சு நிமிடத்துக்கு 8-க்கு வந்துவிட்டால், மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலாக்சோன். ஆனால் 0.4 மில்லிகிராம் ஆம்பூலை அப்படியே தள்ளினால், அடங்கியிருந்த வலி மொத்தமும் ஒரே நொடியில் திரும்பும், ரத்த அழுத்தம் எகிறும். சலைன் சேர்த்து 10 மில்லியாக்கி, டாக்டர் சொல்படி 1 அல்லது 2 மில்லியாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மூச்சு தேறும்வரை. இதன் வேலை 30 முதல் 90 நிமிடந்தான், மார்ஃபினோ மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். கண் விழித்துப் பேசிய நோயாளி இரண்டு மணி நேரங்கழித்து மறுபடி மூச்சடங்குவது இதனால்தான். நடுவில் டியூட்டி மாறினால், நலாக்சோன் போட்ட நேரத்தை வாயாலும் சொல்லுங்கள், எழுதியும் வையுங்கள்.