"போ போ" என்று அழுத பிள்ளை

மாதத்தில் பாதி நாள் நான் ஸ்காபரோவில் யாரோ ஒருவருடைய குசினியில்தான் நிற்பேன். வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் அன்ரிமாரைப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற ஏஜன்சியின் கீழ் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது, சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும் என்பது விதி.

ஒருநாள் ஒரு அன்ரி போன் எடுத்தார், குரல் அடைத்திருந்தது. புதிதாக வந்த பெண்பிள்ளை, ஒன்றரை வயது தாண்டியவள், இரண்டு கிழமையாகத் தன்னைக் கண்டதும் "போ போ" என்று கத்துகிறாள், தன்னைப் பிடிக்கவில்லைப் போல, வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கோ என்றார். வீட்டில் கன்ரோனீஸ் பேசும் குடும்பம் அது. மாலையில் தாய் வந்தபோது கேட்டோம். கன்ரோனீஸில் "போ போ" என்றால் அம்மம்மா! அதுவரை அந்தப் பிள்ளையை வளர்த்தது அம்மம்மாதான், அவரைத் தேடித்தான் இரண்டு கிழமையும் அழுதிருக்கிறாள். அடுத்த நாளே அம்மம்மாவின் படம் ஒன்றைப் பிள்ளையின் கண் உயரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். அழுகை வந்தால் அன்ரி தூக்கிக்கொண்டு போய் "போ போ எங்கே?" என்று காட்டுவார். அழுகை ஒரே நாளில் நிற்கவில்லை, ஆனால் அன்ரியின் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

ஜனவரி வந்தால் எல்லா அன்ரிமாரும் என்னிடம் கேட்பது, தமிழ் மரபுத் திங்களுக்கு என்ன செய்யலாம் என்று. 2014 இல் ஒன்ராறியோவும் 2016 இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்ட மாதம், எனக்கும் பெருமைதான். ஆனால் சுவரில் கடதாசிக் கரும்பு ஒட்டுவதற்கு முன் நான் பார்ப்பது வேறு. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் தண்ணீருக்கு என்ன சொல், மூத்திரம் வந்தால் என்ன சொல்லும், யார் நித்திரையாக்குவது, எதைக் குழைத்து ஊட்டுவார்கள், அம்மம்மாவை என்னவென்று கூப்பிடும்? சேரும் நாளிலேயே இந்தக் கேள்விகளைத் தாய் தகப்பனிடம் கேட்டு எழுதி வையுங்கள் என்று இப்போது எல்லா வீட்டிலும் சொல்கிறேன். பிலிப்பினோப் பிள்ளை "துபிக்" என்று கேட்கும்போது தண்ணீர் கையில் வந்தால், அந்தப் பிள்ளைக்கு அது தன் வீடு மாதிரித்தான்.

இன்னொன்று. பிள்ளையோடு தமிழ் பேசினால் ஆங்கிலம் பிந்திவிடும் என்று பயந்து, தமிழ்ப் பிள்ளைகளோடுகூடத் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் மட்டும் பேசும் அன்ரிமார் இருக்கிறார்கள், அப்படிப் பேசச் சொல்லும் தமிழ்ப் பெற்றோரும் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள், கதை சொல்லுங்கள், சோறு ஊட்டும்போது "ஆ காட்டு" என்று சொல்லுங்கள். பேச்சு உண்மையிலேயே பிந்தியது போல் தெரிந்தால் மொழியைக் குறை சொல்லிக் காத்திருக்காமல் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். அந்தக் கன்ரோனீஸ் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அன்ரியின் தாய் அவளுக்கு "அம்மம்மா", தன்னுடையவர் "போ போ". ஒருநாளும் மாறிக் கூப்பிட்டதில்லை.

கொண்டாட்டம் என்று வரும்போது எனக்குப் பயம் சாப்பாட்டிலும் நெருப்பிலும்தான். பொங்கலுக்கு அரிசி கழுவப் பிள்ளைகளை விடுங்கள், கறுப்புத் தட்டில் அரிசிமாவால் கோலம் இழுக்கட்டும், ஆனால் பானை பின் அடுப்பில் இருக்கட்டும், பிள்ளைகள் கதிரையில் தள்ளி இருந்து "பொங்கலோ பொங்கல்" சொன்னால் போதும். தனி ஒருத்தியாக நிற்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். கஜு, கச்சான் ஒவ்வாமை யாருக்கும் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஒரு துளிகூடக் கூடாது, சடங்குக்காக நாக்கில் தடவுவதும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். முதல் பல் முளைத்த பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவது எனக்கு மிகவும் பிடித்த சடங்கு, ஆனால் பல்லாகக் குத்திவைக்கும் தேங்காய்ச் சொட்டு பக்கத்தில் இருக்கும் மற்றக் குழந்தையின் தொண்டையில் சிக்கும். தலையில் கொட்டுவதைச் சொட்டு இல்லாமல் அவியுங்கள், பல் வைத்ததைத் தட்டில் உயரத்தில் வைத்துக் காட்டுங்கள்.

சரி, பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற வீட்டில் அன்ரி ஒருவர் பதின்மூன்று வயதுக்குக் கீழ் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம், ஏஜன்சி இல்லாத வீட்டில் ஐந்து பேர். இரண்டிலும் இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பேருக்கு மேல் கூடாது. "இன்னும் ஒன்றுதானே அன்ரி, பாருங்கோவன்" என்று கெஞ்சாதீர்கள், மாட்டுவது அவர். பிள்ளை பார்க்கும் கட்டணத்தைக் குறைக்கும் மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்த உரிமம் பெற்ற வீடுகளில் ஆறு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து கட்டணம் நாளுக்கு 22 டொலருக்கு மேல் இல்லை. ஏஜன்சி இல்லாத வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதற்காக அன்ரியிடம் பேரம் பேசுவது நியாயமில்லை. அங்கே பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள், அவருடைய சமூகக் காப்புறுதி இலக்கத்தோடு. வரியில் கழிக்க உங்களுக்கும் அது வேண்டும். ஐந்தரைக்கு என்றால் ஐந்தரைக்கு வாருங்கள். காலை ஏழு மணியிலிருந்து வளர்ந்த ஒருவரோடு ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிற மனுசி, அதற்குப் பிறகுதான் தன் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார்.

அந்தத் தனிமைக்கு அன்ரிமாருக்கு நான் சொல்வது, கிழமைக்கு ஒரு காலையாவது பிள்ளைகளோடு பக்கத்து ஏர்லிஒன் (EarlyON) நிலையத்துக்கு, சின்னப் பிள்ளைகளும் அவர்களைப் பார்ப்பவர்களும் கூடி விளையாடும் இடத்துக்கு, போங்கள் என்பது. பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயது வரை, இலவசம், பெற்றோர் மட்டுமல்ல, வீட்டில் பிள்ளை பார்ப்பவரும் போகலாம். போன கிழமை ஒரு நிலையத்தில் நம் அன்ரிமார் மூன்று பேரும் ஒரு சோமாலி அன்ரியும் தரையில் இருந்து, தத்தம் பாசையில் தாலாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் நித்திரைக்குப் போகவில்லை, ஒவ்வொருவர் மடியாக மாறிமாறி ஏறிக்கொண்டிருந்தார்கள்.