ஹாம்ஸ்டர் வளர்க்கும் திருகோணமலை வீடுகளுக்கு

நாய், பூனை, ஆடு, மாடு, கோழி என்று பார்த்துப் பழகிய என் சிகிச்சை மேசைக்கு இப்போது ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சின்னப் பிராணிகளும் வருகின்றன. உவர்மலைப் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்கள், நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்காதவர்கள், மகளின் பிறந்தநாளுக்கு உயிருள்ள ஒன்றைக் கொடுக்க ஆசைப்பட்டவர்கள் என்று பலர் கொண்டு வருகிறார்கள். கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்து ஹபரணை வழியாகக் கொண்டு வந்து சேர்க்கிறார்கள். முதல் வாரம் வீடு முழுக்கச் சந்தோஷம். அது எனக்கு நன்றாகவே புரிகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உயிர், முன்கால்கள் இரண்டாலும் ஒரு கச்சான் பருப்பைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்து, கன்னத்துக்குள் தள்ளிவிட்டு அடுத்ததைத் தேடும். கன்னப்பை தோள்பட்டை வரை நீளும். வளைக்குள் போனதும் அதே கைகளால் கன்னத்தைப் பின்னாலிருந்து முன்னுக்கு அழுத்தி, சேர்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கும். இதைப் பார்த்து மனம் இளகாத பிள்ளையை நான் கண்டதில்லை. பெரியவர்களும் அப்படித்தான்.

ஆனால் என்னிடம் வரும் ஹாம்ஸ்டர்களில் பல, காப்பாற்றக்கூடிய நேரம் தாண்டித்தான் வருகின்றன. கவனிக்காமல் விட்டதால் வந்தவை குறைவு. நல்லது என்று நினைத்து வீட்டில் யாரோ ஒருவர் ஏதோ செய்ததால் வந்தவைதான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் வீடுகளில் பெரிதாக, பொன்னிறமாக இருப்பது சிரிய ஹாம்ஸ்டர். 1930இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர், சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்து, குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டு போனார். ஆய்வுகூடத்துக்காகப் பிடிக்கப்பட்ட அந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவையே இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. காட்டில் இது அரை மீற்றருக்கும் மேல் ஆழமாக வளை தோண்டி, பகல் முழுக்க அந்தக் குளிர்ந்த மண்ணுக்குள் கிடக்கும். வெயில் தணிந்த பிறகே வெளியே வரும். ஒரு வளைக்கு ஒரு ஹாம்ஸ்டர்தான். இந்த மூன்றையும் மனதில் வைத்தால், நம் ஊரில் இது எப்படிக் கஷ்டப்படும் என்பது தானாக விளங்கும்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே அதிகம் சாவது அதனால்தான். ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பநிலை 20 முதல் 24 பாகை. 30ஐத் தாண்டினால் ஆபத்து. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலையின் பகல் 34, 35 பாகையில் நிற்கிறது. தகரக் கூரை வீடென்றால் உள்ளே இன்னும் கூடும். இதற்கு நம்மைப் போல வியர்க்காது. நாயைப் போல நாக்கை நீட்டி இளைத்துச் சூட்டைத் தணிக்கவும் வராது. அதனால் மின்விசிறிக் காற்று நமக்கு உதவுகிற அளவுக்கு அதற்கு உதவாது.

பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கு ஓடி வருவார்கள். பெட்டிக்குள் ஹாம்ஸ்டர் துவண்டு கிடக்கும், வாயைச் சுற்றி ஈரம், மூச்சு வேகமாக. "டொக்டர், இது குளிர்காலத் தூக்கம்தானே? சூடாக்கினா எழும்பும் எண்டு வீடியோவில சொன்னாங்க, கொஞ்ச நேரம் வெயில்ல வச்சம்" என்பார்கள். இந்தப் பேச்சை நான் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். அந்த வீடியோக்கள் பனி பெய்யும் நாட்டவர்கள் எடுத்தவை. ஹாம்ஸ்டர் அப்படி உறைந்து தூங்க, சுற்றுப்புறம் ஒற்றை இலக்கப் பாகைக்கு இறங்க வேண்டும். மார்கழி அடைமழையிலும் நம் ஊர் இரவு 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஏசி அறையும் அந்த அளவுக்குக் குளிராது. ஆகவே திருகோணமலையில் ஒரு ஹாம்ஸ்டர் பகலில் துவண்டு கிடந்தால், சூடு தாக்கிவிட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். வீட்டின் குளிர்ந்த மூலைக்கு எடுத்துப் போய், சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் கிடத்துங்கள். காதையும் பாதங்களையும் ஈரமாக்குங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. நினைவு இருந்தால் மட்டும் உதட்டோரம் ஒரு சொட்டுத் தண்ணீர். நினைவில்லாதபோது வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கொஞ்சம் தெளிந்தாலும் கொண்டு வந்து காட்டுங்கள்.

கூட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அலுமாரிக்கு மேல், பல்கனி, மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் எல்லாம் கூடாது. சூடு மேலேதான் சேரும். சிமெந்துத் தரைக்குப் பக்கத்தில்தான் குளிர்ச்சி. பழைய மீன் தொட்டியில் வளர்ப்பவர்கள் மேலே கண்ணாடி மூடியைப் போடாமல் கம்பி வலை போடுங்கள். கவிழ்த்த மண்சட்டி ஒன்றின் விளிம்பை வாசலளவுக்கு உடைத்து, முனைகளைத் தேய்த்து வைத்தால் அதைவிட நல்ல வீடு அதற்கு இல்லை. காசு கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் குடில்களைவிட எனக்கு இந்த மண்சட்டி எப்போதும் பிடிக்கும். சட்டிக்குள் பகல் சூடு அவ்வளவாக ஏறாது. பாத்ரூமுக்குப் போட்டு மிஞ்சிய டைல் துண்டு ஒன்றையும் உள்ளே வையுங்கள், வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்ளும். கடும் வெக்கை நாளில், தண்ணீர்ப் போத்தலை உறைய வைத்துத் துணியில் சுற்றிக் கூட்டின் வெளிப்புறம் சாய்த்து வையுங்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களை மறக்க முடியாது. ஏசியை மட்டும் நம்பி ஹாம்ஸ்டர் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது, துணை சேர்ப்பது. "தனிய இருந்தா பாவம்" என்று அம்மம்மா சொல்லுவார், வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த முறை கொழும்பு போகும்போது இன்னொன்று வந்துவிடும். சிரிய ஹாம்ஸ்டருக்குத் தனிமை பாவம் இல்லை, அதுதான் அதன் வாழ்க்கை. குட்டியில் ஒன்றாகக் கட்டிப்பிடித்துத் தூங்குபவை ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். சண்டை இரவில் நடப்பதால் வீட்டாருக்குத் தெரியாது. காலையில் ஒன்று காது கிழிந்து, வயிற்றில் காயத்தோடு மூலையில் ஒடுங்கியிருக்கும். சில நாள் ஒன்று இறந்தே கிடக்கும். குள்ள இனங்களில் சில சேர்ந்து வாழும், அதுவும் சேர்ந்து பிறந்து வளர்ந்தவையாக இருந்தால்தான், அப்போதும் நிச்சயமில்லை. ஒரு கூட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இரண்டும் பெண்" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கியவர்களுக்கு வேறு ஒரு கதை. ஒரு மாத வயதிலேயே இவை சினைப்படலாம். சிரிய ஹாம்ஸ்டரின் கர்ப்பகாலம் வெறும் 16 நாள். திடீரென்று ஒருநாள் மயிரில்லாத, கண் திறக்காத இளஞ்சிவப்புக் குட்டிகள் எட்டோ பத்தோ கிடக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், ஒருவர் கையில் எடுப்பார். தாய் பயந்து குட்டிகளைத் தின்றுவிடும். இதைக் கண்ட ஒரு சிறுமி நாட்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளின் அப்பா வந்து சொன்னார். தாய் கெட்டது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டார்கள், அது சரியில்லை. இடம் பாதுகாப்பில்லை என்று தாய்க்குப் பட்டால் அது அப்படித்தான் நடந்துகொள்ளும். குட்டி போட்டுவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கூட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். உணவும் தண்ணீரும் வையுங்கள், சின்னத் துண்டு அவித்த முட்டை கொடுங்கள், கூட்டின் மேல் மெல்லிய துணி போட்டு, காற்றுப் போக இடம் விட்டு, தள்ளி நில்லுங்கள். மூன்று வாரத்தில் பால் மறந்ததும் ஆண் பெண்ணைப் பிரித்துவிடுங்கள்.

இனி மருந்து. இதை வாசித்து ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், இந்தப் பந்தியை வையுங்கள். கொழும்பிலிருந்து வந்த சின்னக் குட்டி இரண்டு மூன்று நாளில் வயிற்றோட்டம் போகிறது, வால் பக்கம் நனைந்து ஒட்டியிருக்கிறது, முதுகைக் கூனிக்கொண்டு இருக்கிறது. பால் மறந்ததிலிருந்து எட்டு வார வயது வரையுள்ள சிரியக் குட்டிகளுக்கு இந்த ஈரவால் நோய் வரும். லோசோனியா என்ற பக்டீரியா குடலில் பெருகுவதால் வருவது. தாயைப் பிரிந்தது, கடையில் நெரிசல், பஸ் குலுக்கல், புது வீட்டுச் சத்தம் எல்லாம் சேரும்போது கிளம்பும். இரண்டு நாளில் உயிரை எடுத்துவிடும். அப்போது வீட்டில் என்ன செய்கிறார்கள்? தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி ஃபிரிட்ஜில் மிஞ்சியிருக்கும் அமொக்ஸிசிலின் சிரப்பை ஒரு சொட்டுக் கொடுக்கிறார்கள். பிள்ளைக்கே கொடுக்கிற மருந்து, இதற்கு என்ன செய்யும் என்று நினைக்கிறார்கள்.

அது ஹாம்ஸ்டரைக் கொன்றுவிடும். அமொக்ஸிசிலின், அம்பிசிலின் உட்பட்ட பெனிசிலின் வகை, எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் எல்லாமே இதன் குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகளை அழித்து, குளோஸ்டிரிடியம் என்ற நச்சுக் கிருமிக்கு இடம் கொடுத்துவிடும். சில நாளில் கடும் வயிற்றோட்டம், பிறகு சாவு. வீட்டார் நோயால் செத்தது என்றே நினைத்துக்கொள்வார்கள். காயத்துக்குப் பூசும் அன்டிபயோட்டிக் களிம்பும் அப்படியே, நக்கி உள்ளே போகும். இதற்குப் பாதுகாப்பான அன்டிபயோட்டிக்குகள் வேறு இருக்கின்றன, கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்துத்தான் அளவு போடுகிறோம். பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். வால் நனைந்திருப்பதைக் கண்டால் அன்றைக்கே கொண்டு வாருங்கள், நாளைக்கு என்று தள்ளவே வேண்டாம்.

பயந்து ஓடி வந்து சிரித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களும் உண்டு. "டொக்டர், இவருக்குப் பின்னால பெரிய கட்டி" என்று கொண்டு வருவார்கள், பார்த்தால் வளர்ந்த ஆணின் விதைப்பை. உடம்பளவுக்கு அது பெரிதாகத்தான் இருக்கும், வெக்கைக்கு இன்னும் தொங்கும். இடுப்பின் இரு பக்கமும் கறுத்த புள்ளி தெரிந்தால் அது வாசனைச் சுரப்பி. மஞ்சள், செம்மஞ்சள் நிறப் பல் நல்ல பல். ஒரு பக்கம் மட்டும் கட்டி, அல்லது கன்னம் நாள் முழுக்க வீங்கியே இருப்பது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

குளிப்பாட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். வேண்டாம். ஷம்பூ போட்டுக் குளிப்பாட்டியபின் குளிரில் நடுங்கி நோயான ஹாம்ஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். அது மணலில் புரண்டு தன்னைச் சுத்தம் செய்யும். நிலாவெளிக் கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள், உப்பும் சிப்பித் துண்டும் இருக்கும். ஆற்று மணலை அரித்து, கழுவி, தாச்சியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு ஒரு கிண்ணத்தில் வைத்தால் போதும். படுக்கைக்குப் பஞ்சு வைக்காதீர்கள், நூல் காலில் சுற்றி இரத்த ஓட்டம் நின்றுவிடும். தச்சுப் பட்டறை மரத்தூளும் வேண்டாம், தூசியும் மரத்துக்கு அடித்த மருந்தும் மூச்சுக்கு ஆகாது. அச்சில்லாத தாளைக் கிழித்து ஒரு சாண் ஆழத்துக்குப் போடுங்கள், அதற்குத் தோண்ட வேண்டும். ஓடும் சக்கரம் கம்பி கம்பியாக இருந்தால் கால் சிக்கி முறியும். தட்டையான தளமுள்ளதாக, ஓடும்போது முதுகு வளையாத அளவு பெரிதாக வாங்குங்கள்.

எறும்பு நம் ஊரில் பெரிய தொல்லை. கூடு வைக்கும் குட்டை மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்புச் சோக் கோடு போடுவதும் ஸ்பிரே அடிப்பதும் எறும்புக்கு முன் ஹாம்ஸ்டரை வாட்டும். உணவுக்கு ஹாம்ஸ்டர் பெலட் கிடைத்தால் அது, அதோடு குரக்கன், தினை, கொஞ்சம் கரட், வெள்ளரிக்காய். சூரியகாந்தி விதையும் உப்பில்லாத கச்சானும் எப்போதாவது. வெங்காயம், உள்ளி, தோடம்பழம், சொக்லேட் கூடாது. குள்ள இனங்களுக்கு நீரிழிவு எளிதில் வரும், அவற்றுக்குப் பழமே வேண்டாம் என்பது என் எண்ணம்.

பகலில் தூங்குவதை எழுப்பித் தூக்கினால் கடிக்கும். அதன் கண்பார்வை மங்கல், மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. மாலையானதும் கையைக் கழுவி, கூட்டுக்குள் விரித்து வைத்து அதுவாக ஏறும்வரை காத்திருக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். தரையில் உட்கார்ந்தே வைத்திருக்க வேண்டும், நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் கால் முறியும். கடித்துவிட்டால் சோப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். சுவரோடு ஓடும் எலிகள் கூட்டை நெருங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், எலிச் சிறுநீர் பட்ட உணவால் உங்களுக்கும் நோய் வரலாம்.

இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆண்டுதான் இதன் ஆயுள். வாங்கும்போதே பிள்ளைக்கு அதைச் சொல்லிவிடுவது நல்லது.

என்னிடம் வரும்போது மதிய வெயிலைத் தவிர்த்து, அவசரமென்றால் ஈரத்துணி போர்த்து வாருங்கள். அட்டைப் பெட்டியில் வேண்டாம், வழியிலேயே கடித்து ஓட்டை போட்டுவிடும். கூட்டைக் கழுவாமல் அப்படியே கொண்டு வாருங்கள், எச்சத்தைப் பார்த்தாலே பாதி தெரியும். வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அந்தப் போத்தலையும் எடுத்து வாருங்கள். பயந்து மறைக்காதீர்கள், நான் ஏசமாட்டேன். எது உள்ளே போனது என்று தெரிந்தால்தான் அடுத்து எதைக் கொடுக்கலாம் என்று எனக்கு முடிவெடுக்க முடியும்.