சிங்குலர் தே: தமிழ்ல என்னன்னு சொல்ல?

இங்கிலீஷ்ல 'தே' (they)ன்னா பலபேரைக் குறிக்கிற சொல்லு, பழைய நார்ஸ் மொழில இருந்து வந்தது. ஆணா பொண்ணான்னு தெரியாத ஒரே ஆளுக்கு அதைப் போடுறதுதான் சிங்குலர் தே, அது 14ஆம் நூற்றாண்டுலயே உண்டு, இப்ப உள்ள பிள்ளைய கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்ல. ஆண், பொண்ணுங்கிற ரெண்டுலயும் அடங்காதவங்களுக்கான சொல்லுன்னு மெரியம் வெப்ஸ்டர் அகராதி சேத்தது 2019ல, அந்த வருஷத்துச் சொல்லும் அதுதான்.

காமிக்ஸைத் தமிழ்ல மொழிபெயர்க்கும்போ இதுக்கு என்ன போடன்னு நாரோயில்ல (நாகர்கோவில்ல) காமிக்ஸ் படிக்கிறவங்ககிட்ட கேட்டா, 'அவர்'னு போட்டா தீந்துதுல்லான்னு சொல்லுவாவ. கட்டுரைக்குச் சரி, ஆனா படத்துல ஆளு பேசுறதை எழுதுற பலூனுக்குள்ள வர்றது பேச்சுத்தமிழ், அதுல 'அவரு'ன்னா ஆம்பிளை, 'அவங்க'ன்னா பாதிப்பேருக்கு பொம்பளை, போதாததுக்கு மரியாதை வேற ஒட்டிக்கிடும். கொலை பண்ணிட்டு முகமூடியோட ஓடுற ஆளைப் பாத்து போலீஸ் "அவர் மாடிக்குப் போயிட்டார்"னு கத்தினா சிரிப்புதான் வரும். சரி 'அவன்'னு போடுவோம்னா, கடைசிப் பக்கத்துல முகமூடி கழண்டு பொண்ணு நிக்கும்போ வாசகரை ஏமாத்தினது மொழிபெயர்ப்பாளர்னு ஆயிடும். ஜப்பான் காமிக்ஸான மங்கால 'அவன், அவள்' எதுவும் இல்லாமலே பேசிட்டுப் போவாங்க, நமக்கு அந்த வழியும் அடைப்பு, ஓடினான் ஓடினா ஓடினாருன்னு வினைலயே பால் உக்காந்திருக்கே. "மாடிக்கு ஓடினது யாரு?", "அந்தா ஓடுற ஆளைப் புடி"ன்னு திருப்பிப் போட்டா மட்டும் தப்பிக்கலாம்.

நம்ம ஊரு 'அவிய' எவ்வளவோ மேல், கட்டினவரையும் சொல்லலாம் மாமியாரையும் சொல்லலாம். ஆனா புக்கு சேலத்துக்கும் போகணும்லா.

பேருக்கு வருவோம். 'ஒருமை அவர்கள்'னு சிலபேரு எழுதுறது எனக்குப் பிடிக்கல, மேடைல மாலை போடக் கூப்பிடுற மாதிரி இருக்கு. தொல்காப்பியத்துலயே விஷயம் கிடக்கு. "ஒருவர் என்னும் பெயர்நிலைக் கிளவி இருபாற்கும் உரித்தே"ன்னு ஒரு நூற்பா, அதுக்கு அடுத்ததே அது பன்மை வினை எடுக்கும்னு சொல்லுது. ஆளு ஒண்ணு, பால் ரெண்டுக்கும் பொது, வினை பன்மை, சிங்குலர் தே செய்யுற வேலை இதுதானே. இன்னொரு இடத்துல, ஒருத்தரைப் பன்மைல சொல்லுறது வழக்குல வர்ற உயர்வு, இலக்கண நெறி இல்லன்னும் வச்சிருக்கு, அப்பவே இந்தச் சண்டை இருந்திருக்கும் போல.

அதனால என் கணக்குல பேரு 'ஒருமைப் பலர்பால்'. பலூன்ல முதல்ல 'யாரோ ஒருத்தர்', பிறகு 'அந்த ஆளு'. கதாபாத்திரமே நான் ஆணும் இல்ல பொண்ணும் இல்லன்னு சொல்லுற கதைன்னா மட்டும் கடைசிவரை 'அவர்'தான், அங்க மரியாதை ஒட்டினா ஒட்டட்டும்.