காற்புள்ளி: நிறுத்தமா, வெட்டா?

பேச்சில் 'கமா' என்றும் பாடநூலில் 'காற்புள்ளி' என்றும் வழங்கும் குறியின் ஆங்கிலப் பெயர், கிரேக்கத்தின் 'கோம்மா' என்னும் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. 'வெட்டு' என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த அச்சொல், முதலில் குறியைச் சுட்டவில்லை; வாக்கியத்திலிருந்து வெட்டியெடுத்தாற்போல் நிற்கும் சிறு துண்டையே சுட்டியது. கி.மு. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டோபேனஸ், உரக்கப் படிப்போருக்கு உதவியாக வெவ்வேறு உயரங்களில் புள்ளியிடும் முறையை வகுத்தார். துண்டின் பெயர் பின்னர் அதன் முடிவில் நின்ற குறிக்கு ஆகிவந்தது. இன்று நாம் காணும் வளைந்த வடிவம் நிலைபெற்றதில், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸுக்குப் பெரும்பங்கு உண்டு.

தமிழ்ப் பெயர் கால அளவை வைத்து அமைந்தது. கால் + புள்ளி என்பதில் லகரம் றகரமாகத் திரிந்து காற்புள்ளி ஆயிற்று. முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நிறுத்தம் எனக் கொண்டு, அதில் காற்பங்காகிய ஒரு மாத்திரை இதற்கும், இரண்டு அரைப்புள்ளிக்கும், மூன்று முக்காற்புள்ளிக்கும் என இலக்கண நூல்கள் கணக்கிட்டன. புள்ளிக்குக் கால் முளைத்ததால் காற்புள்ளி என்று பள்ளிப்பிள்ளைகள் எண்ணிக்கொள்வதும் உண்டு. பிழைதான் என்றாலும் நினைவில் நிற்கும் பிழை.

ஓலைச்சுவடியில் இக்குறிக்கு இடமில்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டே எழுதினார்கள். சொற்களைச் சேர்க்க உம்மையும், வினைகளைக் கோக்க எச்சங்களும் இருந்தமையால் அன்று குறியின் தேவை பெரிதாக எழவில்லை. உரைநடை அச்சேறிய 19ஆம் நூற்றாண்டில், ஆறுமுக நாவலர் போன்றோரின் பதிப்புகள் வழியாகக் குறிகள் வேரூன்றின.

பெயர் நிறுத்தத்தைச் சொல்வதால், கதை எழுதுவோர் பலர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் காற்புள்ளி இடுகின்றனர். கதைக்கு உதவுவது கிரேக்கப் பெயரில் உள்ள வெட்டு என்பதே என் கருத்து. "அவன் அழுதுகொண்டே ஓடிய சிறுவனைப் பிடித்தான்" என்ற வாக்கியத்தில் அழுதவன் யார்? தமிழில் அடை, தனக்கு அடுத்து வரும் சொல்லைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே சிறுவன் அழுததாகவே படிப்போம். "அவன் அழுதுகொண்டே, ஓடிய சிறுவனைப் பிடித்தான்" என்று எழுதினால் அந்தப் பிடி வெட்டுண்டு, அழுகை துரத்தியவனுடையதாகிவிடுகிறது. ஆயினும் ஒரு சிறு கோட்டை நம்பி இவ்வளவு பெரிய பொருளை விடுவதைக் காட்டிலும், "ஓடிய சிறுவனை அவன் அழுதுகொண்டே பிடித்தான்" எனச் சொல்லை இடம் மாற்றுவது நன்று.

"மாலதி, கதவைத் திறந்தாள்" என எழுவாயை அடுத்துக் குறியிடுவது இதழ்களில் பரவிய வழக்கம். விளிக்கும் இவ்வாறே குறியிடுவதால், யாரோ மாலதியை அழைப்பதாக ஒரு கணம் தோன்றும். இங்கே அது வேண்டியதில்லை. "அண்ணனும், தம்பியும்" என்பதில் உம்மையே சேர்த்துவிட்டது, குறி மிகை. "மழை பெய்தது, அவள் குடையை எடுத்தாள்" என இரண்டு முற்றுகளைக் காற்புள்ளியால் ஒட்டுவதினும், "மழை பெய்யவே" என எச்சமாக்குவது தமிழுக்கு இயல்பு. உரையாடலின் இறுதியில் "வருகிறேன்," என்றான் என்று இடுவதோ ஆங்கில அச்சு மரபு. நம் 'என்று' அந்தப் பணியைத் தானே செய்துவிடும்.

உரையாடலில் காற்புள்ளியை விடவே கூடாத இடம் விளி. "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று மகள் கேட்டால் எதிரில் அப்பா நிற்கிறார். "அப்பா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், அவர் வேறெங்கோ இருக்க, அடுக்களையில் நிற்கும் அம்மாவை நோக்கிக் கேள்வி போகிறது.