வைரஸின் பங்காளி

சுங்கை சிப்புட்டில் டிங்கி பரவி, தாமான் தாமானாகப் புகையடித்துக்கொண்டிருந்த வாரம் அது. டியூஷனுக்கு வரும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், வைரஸ்ங்கிற சொல் நம்ம வீரியத்துல இருந்துதான் போச்சாமே? வாட்ஸ்அப்புல வந்துச்சு."

வீரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் வாயில் தினமும் புழங்கும் விஷம்தான் வைரஸின் பங்காளி.

வைரஸ் லத்தீன் சொல். பொருள் நஞ்சு, கொழகொழப்பான கசிவு. 1898இல் புகையிலைச் செடியின் நோயை ஆராய்ந்த டச்சுக்காரர் பெயரிங்க் இதைக் கையாண்ட பிறகுதான் இன்றைய பொருள் மெல்ல நிலைத்தது. விஷம் சமஸ்கிருதம். இரண்டுக்கும் தாய், எழுத்தே இல்லாத காலத்து இந்தோ-ஐரோப்பிய மூலமொழி. சரி, ஒரு பக்கம் ஷ, மறுபக்கம் ர எப்படி?

மூலச்சொல்லில் இருந்தது ஸ. 'ஆஸா' என்று தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆ-வில் அதிரும் தொண்டை ஸ-வில் சட்டென்று நின்று, மறுபடி அதிரும். வேகமாகப் பேசுகிறவன் அதை நிறுத்தமாட்டான். அதிர்வு தொடர்ந்தால் ஸ, வண்டு ரீங்காரம்போல் ஆகிவிடும். நுனிநாக்கு அப்புறம் கொஞ்சம் தளர்ந்தால் போதும், ர வந்துவிடும். லத்தீனில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுவாக்கில் இது முடிந்துவிட்டது. பப்பீசியுஸ் என்ற குடும்பப் பெயர் பப்பீரியுஸ் ஆன கதையை ரோமானியப் பேச்சாளர் சிசரோவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கிரேக்கர்கள் அந்த ஸ-வை விழுங்கியேவிட்டார்கள்; அவர்களுக்கு நஞ்சு 'ஈயோஸ்'. சமஸ்கிருதத்தில் இகரத்துக்குப் பின் வந்ததால் நாக்கு மடிந்து ஷ ஆயிற்று. நம் புலவர்கள் அதையும் மாற்றி 'விடம்' என்றார்கள். பாம்பின் நஞ்சை மலாய்க்காரர்கள் 'பிசா' என்பதும் இதே விஷம்தான்.

வீரியத்துக்கு வேர் வீரம்; அதில் உள்ள ர பிறவியிலேயே ர. லத்தீனில் வீரத்தின் உறவு 'விர்', ஆண்மகன் என்று பொருள். வைரஸின் ர இடையில் வந்தது. காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலே சொந்தம் என்று முடிச்சுப் போடுவதும், பெயரெழுத்தைக் கூட்டி எண் ஜோதிடம் பார்ப்பதும் எனக்கு ஒன்றுதான். ஒரு சொல்லில் நடந்த மாற்றம் அதே சூழலில் மற்றச் சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலமும் இதே வழியில் ஒருமுறை நடந்திருக்கிறது. ஒருமைக்கு 'வாஸ்', பன்மைக்கு 'வேர்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் பன்மையின் ர-வும் பழைய ஸ-தான்.